சாட்சிக்குக் கேட்கவில்லை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்த எத்தனையோ நிக்காஹ்களில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் பெரிய மனிதன் கிடையாது, ஜமாஅத்தில் எனக்குப் பதவியும் இல்லை. தண்டையார்பேட்டையில் ஷாமியானா, சேர், பிரியாணி ஆக்குகிற டேக்ஸா வாடகைக்கு விடுகிறேன். கல்யாண வீட்டில் சாட்சியாக வர வேண்டிய சித்தப்பா மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார். மச்சான்காரர் பைக்கை எங்கே விடுவது என்று தேடிக்கொண்டிருப்பார். வயது வந்த, புத்தி பிசகாத ஒரு முஸ்லிம் ஆண் அவசரமாக வேண்டும் என்று நாலு பக்கமும் பார்க்கும்போது நான்தான் கண்ணில் படுவேன். டேக்ஸாவைத் திருப்பி எடுத்துப் போக எப்படியும் காத்திருக்கிறவன் அல்லவா. "டேக்ஸா பாய், இங்க வந்து ஒரு கையெழுத்து போடு" என்பார்கள். என் பெயர் சிக்கந்தர் என்பது கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பல பேருக்குத் தெரியும்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருவரைக் கேட்டால் இன்னொருவர் பதில் சொல்வது எனக்கு ஆகாது. டீக்கடையில் மாஸ்டர் என்னைப் பார்த்து சர்க்கரை போடவா என்று கேட்பார். பக்கத்தில் நிற்கிறவன் "போடு போடு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கு என்ன தெரியும்? இதற்காகவே இரண்டு டீக்கடைகளில் சண்டை போட்டு, இப்போது வீட்டில்தான் டீ குடிக்கிறேன். என் மனைவிக்கு இதில் வருத்தம், எனக்கில்லை.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நிக்காஹ்வுக்கு சாட்சியாகப் போவது கஷ்டம். ஏனென்றால் மணப்பெண்ணின் சம்மதம் வாங்கும் இடம் அப்படிப்பட்டது. பெண்ணின் சார்பில் பேச வக்கீல் என்று ஒருவர் இருப்பார். கோர்ட்டு வக்கீல் இல்லை, தாய்மாமனோ சித்தப்பனோதான். அவரும் இரண்டு சாட்சிகளும் பெண் இருக்கும் அறைக்குப் போய், இன்னாருடைய மகன் இன்னாருக்கு, அவர் உனக்குக் கொடுக்கும் இவ்வளவு மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்க சம்மதமா என்று கேட்க வேண்டும். பெண் தலையைக் குனிந்துகொள்ளும். சுற்றியிருக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "சம்மதம்தான், சம்மதம்தான், போங்க" என்பார்கள். கன்னிப்பெண்ணாக இருந்தால் வெட்கத்தில் வாய் மூடியிருந்தாலே போதும் என்று மார்க்கத்தில் இருக்கிறது. அதனால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வந்து கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

நோன்பு முடிந்து, போன ஷவ்வால் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொருக்குப்பேட்டையில் ரஷீது வீட்டில் கல்யாணம். ரஷீது பழைய டயர் வியாபாரம் செய்கிறவன், எனக்குப் பல வருஷப் பழக்கம். கல்யாணம் அவன் தங்கை உமைமாவுக்கு. உமைமாவுக்கு இது இரண்டாவது. முதல் புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டினவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் தன் பெண் குழந்தை ரூஹியோடு அண்ணன் வீட்டில் வந்து இருந்தாள். ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. ரஷீதுக்கு மூன்று பிள்ளைகள், வீடு மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. அவன் தங்கையிடம் ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. ஆனால் ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடமும் சொல்லியிருந்தான்.

மாப்பிள்ளை அமீருதீன், காத்திவாக்கத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய மனைவியும் இறந்து போயிருந்தார், குழந்தை இல்லை. உயரமாக, பேச்சு குறைவாக இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, ஷாமியானாவின் கீழே, நான் கொடுத்த சேர்களிலேயே கொஞ்சம் ஆடுகிற சேரில் உட்கார்ந்திருந்தார். மாற்றித் தரவா என்று கேட்டேன், பரவாயில்லை என்றார்.

எங்கள் பள்ளிவாசல் இமாம் முபாஷிர் ஹஜ்ரத் நிக்காஹ் நடத்த வந்திருந்தார். இளம் வயது. தாடியை வைத்துத்தான் ஹஜ்ரத் என்று நம்ப முடியும். பெண் பக்கம் வக்கீல், தாய்மாமன் மதார் சாகிப். மாப்பிள்ளை பக்க சாட்சி மொஹ்சின் என்ற பையன், மாப்பிள்ளைக்கு சித்தப்பா மகன். பெண் பக்க சாட்சி யார் என்று கேட்டால், வழக்கம்போல அந்த மனிதர் இன்னும் வந்து சேரவில்லை. நான் டேக்ஸா பக்கத்தில் நின்று சமையல்காரரிடம் பிரியாணி தம் எப்போது உடைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரஷீது வந்து என் கையைப் பிடித்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

மூன்று பேரும் மாடிக்கு ஏறினோம். அறை முழுக்கப் பெண்கள். உமைமா ஜன்னல் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா நெற்றி வரை இருந்தது. பக்கத்தில் அவள் பெரியம்மா ஜஹானாரா. அந்தம்மாளைத் தெரியாதவர்கள் கொருக்குப்பேட்டையில் இல்லை; குரலைத் தெரியாதவர்கள் வியாசர்பாடியிலும் இருக்க மாட்டார்கள்.

மதார் சாகிப் தொண்டையைச் செருமினார். "உமைமா, காத்திவாக்கம் மர்ஹூம் காதர் மைதீன் மகன் அமீருதீனுக்கு, ரெண்டு பவுன் மஹருக்கு, உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க என்ன வக்கீலா ஆக்கறியாம்மா? சம்மதமா?"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போனது. ரஷீது வீட்டில் கூட்ஸ் போகும்போது யாரும் பேச மாட்டார்கள், பேசினாலும் பிரயோஜனம் இல்லை. ஜன்னல் கம்பியெல்லாம் நடுங்கியது. வண்டி முடிகிற வழியாகத் தெரியவில்லை. நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜஹானாரா பெரியம்மா கையை வீசி "ஆச்சு, ஆச்சு, சொல்லிட்டா, போங்க" என்று வாயசைத்தார். மதார் சாகிபுக்கு ஒரு காது ஏற்கெனவே மந்தம். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். மொஹ்சின் அவருக்கு முன்னால் படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

கீழே ஹஜ்ரத் நிக்காஹ் புத்தகத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பெண் சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று மதார் சாகிப் சொன்னார். ஹஜ்ரத் தலை நிமிராமல் கேட்டார்.

"வாயால சொன்னாங்களா?"

மதார் சாகிப் கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பினார். "இன்னா?"

"வாயால சொன்னாங்களான்னு கேட்டேன். ஏற்கெனவே வாழ்ந்த பொண்ணு. கன்னிப்பொண்ணா இருந்தா வாய மூடினு இருந்தாலும் செல்லும். இவங்க வாயத் தொறந்து சொல்லணும். அந்த மத்ஹபு இந்த மத்ஹபுன்னு கெடையாது, எல்லாப் பிரிவுலயும் சட்டம் இதான்."

"சொல்லுச்சு, சொல்லுச்சு" என்றார் மதார் சாகிப்.

ஹஜ்ரத் மொஹ்சினைப் பார்த்தார். அவன் கொஞ்சம் யோசித்து, "கேட்ட மாதிரிதான் இருந்துச்சு ஹஜ்ரத்" என்றான். இப்படி ஒரு பதிலை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. கேட்ட மாதிரி என்றால் என்ன? பசித்தவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தால் போதுமா?

பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குக் கேக்கல ஹஜ்ரத்" என்றேன்.

ஷாமியானாவின் கீழ் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தக் கல்யாணத்திலும் யாரும் என்னை அப்படிப் பார்த்தது கிடையாது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லைதானே.

ரஷீது என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். டேக்ஸாவின் அனல் முகத்தில் அடித்தது.

"பாய், இன்னா இப்டி பேஜாரு பண்ற? கூட்ஸ் வண்டி போச்சு, அதான் கேக்கல. கேட்டுச்சுன்னு சொல்லிடு. மாப்பிள்ள வூட்டுக்காரங்க பாத்துக்கினு கீறாங்க."

"கூட்ஸ் போய் முடிஞ்சிருச்சு இல்ல ரஷீது? திரும்பிப் போய் கேட்டுட்டு வந்துர்றோம். ரெண்டு நிமிஷம்."

"வேணாம் பாய்." அவன் சொன்ன வேகத்தில் எனக்கு சந்தேகம் வந்தது. அவன் மாடி ஜன்னலைப் பார்த்தான், பிறகு தெருமுனையைப் பார்த்தான். "வெக்கப்படுது பாய். ரெண்டாவது வாட்டி கேட்டா நல்லா இருக்காது."

"அவ இன்னா சின்னப் புள்ளையா வெக்கப்பட? நாள் முழுக்க மருந்துக்கடைல நின்னுக்கினு ஊருக்கே பில்லு போடறா. ரஷீது, டேக்ஸாவ நசுக்கி அனுப்பிச்சுட்டு, முன்னாடியே அப்டிதான் இருந்துச்சுன்னு பொய் சொல்லு, கேட்டுக்கறேன். பல வாட்டி கேட்டுக்கினு கீறேன். இது வேற. நாள பின்ன ஒண்ணுன்னா அந்தப் பொண்ணுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

ஹஜ்ரத் அதற்குள் எழுந்துவிட்டார். தானும் மாடி வரை வருவதாகவும், அறைக்கு வெளியே படியில் நிற்பதாகவும் சொன்னார். நாங்கள் மறுபடி ஏறினோம். இந்த முறை ரஷீதும் பின்னால் வந்தான்.

விஷயம் எங்களுக்கு முன்னால் மாடி ஏறியிருந்தது. மதார் சாகிப் அதே வாசகத்தை மறுபடி சொன்னார். ரயில் இல்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. சம்மதமா என்று கேட்டு முடித்தார். உமைமா வாய் திறக்கவில்லை.

"வெக்கப்படறா, அதான் தலைய ஆட்டிட்டாளே" என்றார் ஜஹானாரா பெரியம்மா.

"பெரியம்மா, உங்களுக்கு நிக்காஹ்வா, அவளுக்கா?" என்று கேட்டுவிட்டேன். மாடியில் நின்று பெண்கள் கூட்டத்தில் பேசுகிற பேச்சு இல்லைதான். வாயில் வந்துவிட்டது.

உமைமா நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மாமனைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டதுக்கு நான் சொல்றேன் மாமு. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும். ரூஹி என்கூடதான் இருப்பான்னு ஒரு ஷர்த்து சொன்னேன். அது ஒண்ணுதான் சொன்னேன். அத மாப்பிள்ளகிட்ட சொன்னீங்களா?"

ஷர்த்து என்றால் நிபந்தனை. நிக்காஹ்வுக்கு முன்னால் பெண் ஒரு ஷர்த்து வைத்து, மாப்பிள்ளை ஒத்துக்கொண்டால் அதை அவர் காப்பாற்றியாக வேண்டும். மதார் சாகிபுக்கு இந்த ஷர்த்து பற்றியே தெரியவில்லை. அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா வாசலில் நின்ற ரஷீதைப் பார்த்தார். ரஷீது மின்விசிறியைப் பார்த்தான்.

"சொல்லிட்டேன், ஒத்துக்கினாருன்னு சொன்ன இல்லண்ணே?" என்றாள் உமைமா.

"அதெல்லாம் நிக்காஹ் முடிஞ்சு நிதானமா பேசிக்கலாம்டி" என்றார் பெரியம்மா.

"எப்ப பேசறது? ரூஹியோட துணிப் பைய அண்ணி தூக்கினு போய் தெருமுனைல அத்திப்பட்டு ஆட்டோல வெச்சாங்க. இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். சம்மதமான்னு நீங்க கேக்க வந்தப்ப பாத்துக்கினு இருந்தேன்."

அத்திப்பட்டு என்றால் ரூஹியின் அப்பா வழித் தாத்தா பாட்டி வீடு. அவர்களும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். பேத்தி இனிமேல் தங்களோடுதான் என்று ரஷீது அவர்களிடம் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டில், குழந்தை வராது என்று சொல்லியிருக்கிறான். தங்கையிடம், குழந்தை வரும் என்று சொல்லியிருக்கிறான். யார் எதைக் கேட்க ஆசைப்பட்டார்களோ அதை அவரவரிடம் சொல்லிவிட்டு, கல்யாணம் முடிந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறான். டயர் வியாபாரத்தில் அது நடக்கலாம்.

"உனக்கு நல்லது பண்ணதான்…" என்று ரஷீது ஆரம்பித்தான். குரல் உடைந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. இதை நான் இப்போதும் சொல்வேன், அன்றைக்கு அவனை அறையலாம் போலிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

"சொல்லிடு கண்ணு" என்று பெரியம்மா கெஞ்ச ஆரம்பித்தார். "சம்மதம்னு சொல்லிடு. புள்ள எங்க போய்டப் போவுது? மெல்ல மெல்ல மாப்பிள்ள மனச மாத்திக்கலாம்."

"சொல்லிட்டா அப்பறம் என் கையில இன்னா பெரியம்மா கீது? இப்ப இந்த ஒரு வார்த்த கீது. அதையும் குடுத்துட்டு நான் யார்கிட்ட போய் கேக்கறது?"

எத்தனையோ அறைகளுக்கு இப்படி சாட்சியாகப் போயிருக்கிறேன், ஒரு பெண் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். ஹஜ்ரத் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் உள்ளே வரவில்லை. "அம்மா, நீங்க கேட்டது உங்க ஹக்கு, உங்க உரிமை. நான் போய் அவர்கிட்ட கேக்கறேன். அவர் சொன்னத அப்டியே உங்ககிட்ட சொல்றேன்" என்று வெளியிலிருந்தே சொன்னார்.

கீழே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, மைக்கை அணைக்கச் சொன்னதுதான். அதற்காகவே அவருக்கு ஒரு தட்டு பிரியாணி கூடுதலாக வைக்கலாம். மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நானும் மதார் சாகிபும் பக்கத்தில் நின்றோம்.

"பொண்ணு ஒரு ஷர்த்து வெக்கிறாங்க. அவங்க மகள் ரூஹி அவங்ககூட உங்க வூட்டுல வளரணும். உங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல ஹஜ்ரத்" என்றார் அமீருதீன்.

"இப்ப சொல்லிட்டேன். உங்களுக்கு ஒப்புதலா?"

அமீருதீன் தரையில் விரித்திருந்த ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா குரல் கொடுத்தார். "ஒத்துக்குவாப்ல, எழுதுங்க ஹஜ்ரத். ஒரு கொழந்த, இன்னா பெரிய விஷயம்? நேரமாவுது." மாடி வராந்தாவிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் எட்டிப் பார்த்தார். "அவன் ஒத்துக்க மாட்டான்! கொழந்த வராதுன்னு சொல்லித்தான பேசினாங்க? இன்னா பேச்சு இது, தாலி வாசல்ல வந்து?" என்று கத்தினார். எங்கள் பக்கம் கருகமணி கட்டுவார்கள், அந்தம்மா கோபத்தில் தாலி என்றுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு பக்கம் ஒத்துக்குவான், இன்னொரு பக்கம் ஒத்துக்க மாட்டான். நடுவில் அந்த மனிதர் ஆடுகிற சேரில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாடியில் உட்கார்ந்திருந்தவளுக்கும் இவருக்கும் அப்போது ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ள மௌனமா இருந்தா அது சம்மதம் ஆவாது" என்றார் ஹஜ்ரத். "அம்மா, பெரியவரே, ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருங்க. அவரு சொல்லட்டும். யோசிக்கணும்னா யோசிக்கட்டும். இன்னிக்கே நடக்கணும்னு ஒண்ணும் இல்ல."

சமையல்காரர் என்னைப் பார்த்து ஜாடை காட்டினார், தம் உடைத்தாகிவிட்டது. நான் பொறு என்று ஜாடை காட்டினேன்.

அமீருதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் பேசியது மெல்லிய குரலில்தான். மைக் இல்லாததால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியல ஹஜ்ரத். ஒருவேள சரின்னு சொல்லியிருப்பேன். அந்தப் புள்ளய ஒரு வாட்டி பாத்துட்டு வந்து சொல்லியிருப்பேன். இப்ப இத்தினி பேரு சுத்தி நின்னு கேக்கறீங்க. இப்ப சரின்னா அது நான் சொன்னதா, நீங்கள்லாம் சொல்ல வெச்சதா? நாளைக்கு அந்தப் புள்ள என் வூட்டுல என் மூஞ்சியத்தான் பாக்கணும். புடிச்சு கூட்டினு வந்தானா, மானத்துக்காக கூட்டினு வந்தானான்னு புள்ளங்களுக்குத் தெரிஞ்சிடும். எங்க அத்தா போனப்பறம் நானும் இன்னொருத்தர் வூட்டுல வளந்தவன்." ஹஜ்ரத்தை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஒப்புதல் இல்ல. என்ன மன்னிச்சிட சொல்லுங்க அவங்கள."

பெரியப்பா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்கு அந்தத் தெருவில் தனக்காகத் தானே பதில் சொன்ன ஒரே ஆண்பிள்ளை அவர்தான். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

ஹஜ்ரத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுபடி படியேறி, வாசலுக்கு வெளியே நின்று, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அவருக்கு சலாம் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றாள் உமைமா. "எனக்கும் சம்மதம் இல்ல. மாமு, உங்களுக்குக் கேட்டுச்சா?"

மதார் சாகிபுக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஹஜ்ரத் புத்தகத்தில் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். மாப்பிள்ளையின் தாயார் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார். அவர் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் கிளம்பினார்கள், பாதிப் பேர் பிரியாணி வாசனைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணம் நின்றால் பிரியாணியும் நிற்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அமீருதீன் போகும்போது ரஷீதிடம் கை கொடுத்தார். ரஷீது கையை நீட்டினானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

அத்திப்பட்டுத் தாத்தா ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். நடந்தது என்ன என்று என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். "எங்ககிட்ட அந்தப் பொண்ணே புள்ளய பாத்துக்க சொல்லுச்சுன்னு சொன்னாங்களே பாய்" என்றார். தானே போய்ப் பையை எடுத்து வந்து ரஷீதின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பேத்தியின் தலையைத் தடவிவிட்டு, சாப்பிடாமல் போனார். எனக்கு அன்றைக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அவரைப் பார்க்கத்தான்.

கூட்டம் ஓரளவு கலைந்த பிறகு உமைமா கீழே வந்தாள். கல்யாணப் புடவையை மாற்றவில்லை. ரூஹியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஷாமியானாவின் கீழே காலியாக இருந்த பந்தியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். நான் தட்டை வைத்தேன். சமையல்காரர் டேக்ஸாவின் அடியிலிருந்து நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். அவள் முதல் வாயை மகளுக்கு ஊட்டினாள். அவள் வீரமாக இருந்தாள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

ரஷீது எதிரே வந்து உட்கார்ந்தான். கோபம் எல்லாம் வடிந்து, ஒரே நாளில் கிழவனாகிவிட்டவன் போல் இருந்தான்.

"தெரு பூரா பாத்துட்டாங்க" என்றான். "ஷர்த்து வெச்சு கல்யாணத்த நிறுத்தினவளுன்னு உம்பேரு எண்ணூர் வரைக்கும் போய்டும். இனிமே எவன் வந்து உன்ன பொண்ணு கேப்பான்?"

உமைமா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"பொண்ணு கேட்டு எல்லாரும் வந்தாங்கண்ணே. பொண்ணத்தான் யாரும் கேக்கல."